சம்பந்தியம்மாவிடம் சொன்ன பொய்

"இது பரம்பரையா வர்ற நோயா?" என்று அந்த அம்மா கேட்டபோது நான் காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பர்மாவில், ரங்கூனில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு மோல்மேன் ஊரிலிருந்து அக்கா மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணைப் பிடித்துவிட்டது, பையனும் பெண்ணும் ஆறு மாதமாகப் போனில் பேசிக்கொள்வது தெரியாத மாதிரி இரண்டு பக்கமும் நன்றாகவே நடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் பையனின் அம்மா கண் மட்டும் அக்காவின் கையை விட்டு நகரவில்லை. அக்கா புடவைத் தலைப்புக்குள் கையை மறைத்து வைத்திருந்தாள். வெற்றிலைத் தட்டை நீட்டும்போது வெளியே எடுத்துத்தானே ஆகவேண்டும்? வீங்கின கணுக்களும், சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்த விரல்களும் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டன.

நான் கோப்பைகளோடு திரும்பி நின்று, கொஞ்சமும் யோசிக்காமல், "அதெல்லாம் இல்லைங்க. வைட்டமின் டி குறைச்சல். இருபது வருசமா வெயிலே படாம கடைக்குள்ள உட்கார்ந்திருந்தா வேற என்ன வரும்?" என்றேன். அந்த அம்மா முகம் அப்படியே தளர்ந்தது. "அட, எனக்கும் டாக்டர் அதைத்தான் சொன்னாரு, முழங்கால் வலிக்குதுன்னு போனப்ப" என்றார். அப்புறம் இரண்டு பேரும் முழங்கால் பற்றிப் பேசினார்கள், தேதி பற்றிப் பேசினார்கள், சம்பந்தம் முடிந்துவிட்டது. இது 2022 கார்த்திகையில். கல்யாணம் அடுத்த ஆவணியில் நல்லபடியாக நடந்தது, அதனால் கவலைப்படாமல் மேலே படிக்கலாம்.

நான் சொன்னது பொய். அக்காவுக்கு 2019இலிருந்து ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம். அம்மாச்சி பாஷையில் சரவாங்கி. வைட்டமின் டி குறைவாக இருந்ததும் உண்மைதான், அதனால்தான் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. பாதி உண்மை கலந்த பொய்க்குத்தான் இந்த வழவழப்பு வரும். அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். "ஆமாம்" என்பதும் சரியான பதில் இல்லை, "இல்லை" என்பதும் இல்லை. சரியான பதில் நீளமானது, வெற்றிலைத் தட்டு நீட்டும் நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடியது இல்லை.

அம்மாச்சியின் சுருட்டு

எங்கள் வீட்டில் இந்தக் கை புதிதில்லை. அம்மாவின் அம்மாவுக்கு இருந்தது. சிவகங்கைச் சீமையிலிருந்து நெல் வேலைக்கு ஐராவதி முகத்துவாரத்துக்கு வந்தவர்களின் மகள் அவர். நாற்று, களை, அறுப்பு என்று ஆயுள் முழுக்க வெயிலிலேயே நின்றவர். வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்தால், கட்டைவிரல் தடிமனில் ஒரு பர்மாச் சுருட்டைப் பற்ற வைத்துக்கொள்வார். இந்த ஊரில் கிழவிகள் சுருட்டுக் குடிப்பதை யாரும் ஒரு விஷயமாக நினைப்பதில்லை. எனக்கு நினைவு தெரிந்தபோது அவர் விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தன, சுருட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துத்தான் உறிஞ்சுவார். அவருடைய தங்கை குடும்பம் 1964க்குப் பிறகு, கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, கப்பலேறி மதராஸ் போய், கடைசியில் திருச்சிப் பக்கம் ஒரு பர்மா காலனியில் குடியேறியது. அந்தச் சின்ன அம்மாச்சியின் மகளுக்கும் இதே கை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. இதை வைத்துக்கொண்டு யாராவது "பரம்பரையா?" என்று கேட்டால் என்ன தோன்றும்?

அதனால்தான் வைட்டமின் டி எங்களுக்கு இனித்தது என்று இப்போது புரிகிறது. வைட்டமின் குறைச்சலில் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. அது வம்சத்தின் மேல் ஏறாது, பெண்ணின் கல்யாணத்தைத் தடுக்காது, கடையில் விற்கிற மாத்திரையில் சரியாகிவிடும். ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னால் மூன்று தலைமுறை தலைகுனிய வேண்டும். வெயில் படவில்லை என்றால் நாளைக்குக் குடையை மடக்கி வைத்தால் போதும்.

அப்படியே வெயில்தான் காரணம் என்றால் அம்மாச்சிக்கு வந்திருக்கவே கூடாது. இந்த எளிய விஷயம் எனக்கு அப்போது ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை. ரெனுவா என்கிற பிரெஞ்சு ஓவியருக்கும் இதே நோய்தான். மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று 1907இல் தெற்கே கடலோரமாக, கான்ய என்ற ஊருக்குக் குடிபோனார். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. 1919இல் இறக்கும்வரை வரைந்தார், ஆனால் விரல்கள் மடங்கிப்போய், தூரிகையை இன்னொருவர் எடுத்துக் கையில் பொருத்த வேண்டியிருந்தது.

பதினேழு டிகிரியில் வெயில் பஞ்சம்

வைட்டமின் டி குறைந்தது எப்படி என்பது தனிக் கதை. ரங்கூன் பூமத்திய ரேகைக்கு வடக்கே 17 டிகிரிகூட இல்லை. வருசம் முழுக்க வெயில் செங்குத்தாக அடிக்கும் ஊர், நடுவில் மழைக்காலத்தை விட்டுவிட்டால். இங்கே ஒருத்திக்குச் சோதனையில் 11 நானோகிராம் வருகிறது என்றால் சிரிப்புத்தான் வரும். 20க்குக் கீழே போனால் குறைபாடு என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அக்காவின் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கன்னம், கழுத்து, கை எல்லாம் தனக்கா. ஊரில் சந்தனம் அரைப்பது போலக் கல்லில் அரைத்துப் பூசுகிற பட்டைதான், ஷ்வேபோ கட்டை ஒசத்தியா ஷின்மாதௌங் கட்டை ஒசத்தியா என்று சண்டை போடுவார்கள். அது வெயிலின் புறஊதாக் கதிரைக் கொஞ்சம் தடுக்கும், அதற்காகத்தானே பூசுவது. அப்புறம் குடை. அப்புறம் மொகல் தெருப் பக்கத்தில் எங்கள் இரும்புச் சாமான் கடை, சாயங்காலம்வரை. நம் தோல் கருப்பு வேறு, வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் பட்டால்தான் அதே அளவு வைட்டமின் ஊறும்.

இன்னொன்று, நாம் எல்லாரும் நம்புகிற இளவெயில். பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் விடிகாலை வெயிலில் உட்கார வைப்போம். இதமாக இருக்கும், தப்பில்லை. ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது புறஊதா பி என்கிற கதிர், சூரியன் சாய்ந்திருக்கும்போது அது காற்றுமண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் வேலைக்கு ஆகும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலும் உதவாது, கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும். அக்கா கடையின் கண்ணாடிக் கதவோரம் உட்கார்ந்து "எனக்கு வெயில் படுதுல்ல" என்று சொல்வாள்.

தோலில் ஊறுகிற சரக்கு அப்படியே பயன்படாது. கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் ஒரு மாற்றம், அப்புறம்தான் வேலை செய்யும் வடிவம். நோய் எதிர்ப்பு அணுக்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கடைசி மாற்றம் செய்துகொள்ளவும் தெரிந்தவை, அவற்றில் வைட்டமின் டியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியும் உண்டு. சோதனைக் குழாயில் அந்த அணுக்களுக்கு இதைக் கொடுத்தால் மூர்க்கம் குறைகிறது. முடக்குவாதம் என்பதே நம் காவல்படை நம் மூட்டையே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய். அப்படியானால் வைட்டமின் டி குறைந்தால் காவல்படைக்கு வெறி பிடிக்கும், கொடுத்தால் அடங்கும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. படித்த பல பேருக்கும் தோன்றித்தான் நிறைய ஆராய்ச்சி நடந்தது.

பிஸ்கட் டப்பா

2023 ஏப்ரலில், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜானுக்கு முந்தின நாள், எங்கள் சந்தில் பக்கத்து வீட்டு பர்மியப் பெண்களோடு சேர்ந்து மொன்லோன்யேபோ செய்ய உட்கார்ந்தோம். அரிசிமாவு உருண்டைக்குள் ஒரு துண்டு பனைவெல்லம் வைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிற வேலை, வேலையைவிடச் சிரிப்புத்தான் அதிகம், யாராவது ஒரு உருண்டைக்குள் வெல்லத்துக்குப் பதில் பச்சைமிளகாயை வைத்துவிடுவார்கள். அக்கா ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். வா, உருட்டு என்றேன். கொஞ்சம் மாவை எடுத்தாள், உருட்டப் பார்த்தாள், வைத்துவிட்டாள். கை மடங்கவே இல்லை. மணிக்கட்டைத் தொட்டேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. உள்ளே கூட்டிப்போய்க் கேட்டால், ஒரு மாதமாகக் காலை நாலு மணிக்கே வலியில் விழித்துவிடுகிறாளாம், கையை முஷ்டியாக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறதாம், மகளுக்குத் தெரியவேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளாம்.

"ஞாயித்துக்கிழமை மாத்திரை போடுறியா இல்லையா?" என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் பீரோவைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். உள்ளே மெத்தோட்ரெக்ஸேட் அட்டைகள், பிரிக்காமல், ரப்பர் பேண்ட் போட்டு அழகாக அடுக்கி. நாலு மாதத்து அட்டைகள். வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் பில்லைப் பார்ப்பேன் என்று. விழுங்கவில்லை.

அந்த மாத்திரையை யாரும் ஆசையோடு போடமாட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வாரம் ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் நாங்கள் அதற்கு ஞாயித்துக்கிழமை மாத்திரை என்றே பெயர் வைத்திருந்தோம். ஆறு மாத்திரை, மொத்தம் 15 மில்லிகிராம், வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். திங்கட்கிழமை முழுக்க அக்காவுக்குக் குமட்டும், நாப்பி என்கிற பர்மிய மீன் விழுதின் வாசனை பட்டாலே எழுந்து ஓடுவாள். சீப்பில் முடி வரும். அதுவும் போதாமல் மருந்துக் கடையில் யாரோ "இது கேன்சர் மருந்தாச்சே" என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் பொய்யில்லை, புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுக்கிற மருந்துதான், முடக்குவாதத்துக்குச் சின்ன அளவில் கொடுக்கலாம் என்று 1980களில் சோதனைகளில் உறுதியாகி, இன்று உலகம் முழுக்க முதலில் எழுதிக் கொடுப்பது இதைத்தான்.

"ஏன் நிறுத்தின?" என்று கத்தினேன். எனக்கு அப்போது கோபம்தான். அவள் சத்தமே இல்லாமல் சொன்னாள்: "நீதானேடி சொன்ன, வைட்டமின் குறைச்சல்னு. அதுதான் ஏறிடுச்சே. அப்புறம் எதுக்கு கேன்சர் மருந்து?"

"அது அந்தம்மாவுக்குச் சொன்னதுக்கா."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ படிச்சவ."

இதை எழுதும்போதும் என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஒரு பொய்யைச் சம்பந்தியம்மா தலைக்கு மேலே வீசினேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா அதைப் பிடித்துப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டாள். அவளுக்குத்தான் அந்தப் பதில் அதிகம் தேவைப்பட்டிருக்கிறது. மூன்று வருசமாக மகளின் ஒவ்வொரு விரலையும் ரகசியமாகப் பார்த்துக்கொண்டு, "நான்தான் இவளுக்குக் கொடுத்துவிட்டேனோ" என்று படுத்திருந்தவள். அவளிடம் போய் நான் எல்லார் முன்னாலும், அத்தனை உறுதியாக, பரம்பரை இல்லை என்று சொன்னால் அவள் நம்பாமல் என்ன செய்வாள்? எட்டு வாரத்துக்கு வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதிக் கொடுத்த 60,000 அலகு வைட்டமின் டி பொட்டலத்தை, அவளாகவே நிறுத்தாமல் ஏப்ரல் வரை தொடர்ந்திருக்கிறாள். கசப்பான மருந்தை டப்பாவில் வைத்துவிட்டு, சர்க்கரைத் தூள் மாதிரி இருப்பதைப் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறாள்.

திஞ்ஜான் விடுமுறை முடிந்த முதல் நாளே டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. டாக்டர் பேனாவால் இரண்டு வரிகளைச் சுற்றிக் காட்டினார். வைட்டமின் டி 58. அழற்சியைக் காட்டுகிற சிஆர்பி 41, நல்ல உடம்பில் 5ஐத் தாண்டக்கூடாத எண். இரண்டும் ஒரே தாளில், நடுவே நாலு வரி இடைவெளியில். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும் என்கிற என் கதை அந்த நாலு வரிக்குள்ளேயே முடிந்துபோனது. எக்ஸ்ரேயில் வலது கை நடுவிரல் கணுவில் எலும்பின் ஓரம் கரையான் அரித்த மாதிரி ஒரு குழி, முந்தைய படத்தில் அது இல்லை. "அரித்தது திரும்ப வளராது" என்றார் டாக்டர், யாரையும் திட்டாமல். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். வைட்டமின் டியை அதிகமாகப் போட்டதில் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார், நல்லவேளை ஏறவில்லை. ஏறினால் சிறுநீரகத்தில் கல்வரை போகும்.

குலுக்கல் சீட்டுக் கணக்கு

அதற்கப்புறம் கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் உட்கார்ந்து படித்தேன். குற்ற உணர்ச்சிக்கு நல்ல படிப்பு வரும். முதலில் எனக்கு ஆதரவாக ஏதாவது இருக்கிறதா என்றுதான் தேடினேன், இருந்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்துப் பெண்கள் 29 ஆயிரம் பேரைப் பதினோரு வருசம் பின்தொடர்ந்து 2004இல் வந்த ஆய்வில், வைட்டமின் டி அதிகம் உட்கொண்டவர்களுக்கு முடக்குவாதம் குறைவாக வந்திருந்தது. நான்கு வருசம் கழித்து நர்சுகளிடம் நடந்த இன்னும் பெரிய ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. நோயாளிக்கு வைட்டமின் டி குறைவு என்றால் எது முதலில்? உடம்பில் அழற்சி இருந்தாலே ரத்தத்தில் அந்த அளவு இறங்கும். மூட்டு வலிக்கிறவர் வெளியே போகமாட்டார், வெயில் படாது. வண்டி மாட்டை இழுக்கிறதா மாடு வண்டியை இழுக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது.

இதை அவிழ்க்க மெண்டலியன் ராண்டமைசேஷன் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிறக்கும்போதே மரபணு ஒரு குலுக்கல் சீட்டு மாதிரி விழுகிறது. வைட்டமின் டியைத் தோலில் உண்டாக்குவது, கல்லீரலில் மாற்றுவது, ரத்தத்தில் சுமந்துபோவது என்று ஒவ்வொன்றுக்கும் மரபணு உண்டு, அதில் சிலருக்கு ஆயுள் முழுக்கக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்படி சீட்டு விழுந்திருக்கும். நோய் வந்த பிறகு மரபணுவை மாற்ற முடியாது, அதனால் மாடா வண்டியா என்கிற குழப்பம் இங்கே இல்லை. வைட்டமின் டி குறைவுதான் நோயைக் கொண்டுவருகிறது என்றால் குறைந்த சீட்டு விழுந்தவர்களிடம் நோய் அதிகமாக இருக்கவேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற நரம்பு நோயில் அப்படித்தான் இருக்கிறது. முடக்குவாதத்தில் அப்படித் தெளிவாக எதுவும் கிடைக்கவில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை, தூங்கிவிட்டேன், ஆனால் காலையில் எழுந்ததும் முதல் நினைவு அதுதான்.

இந்தச் சமயத்தில் திருச்சியிலிருந்து சின்ன அம்மாச்சியின் பேரன் வாட்ஸ்ஆப்பில் ஒரு அறிக்கை அனுப்பினான். குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் மரபணுவைப் படித்துச் சொல்கிறார்களாம். அதில் வைட்டமின் டி ஏற்பி மரபணுவில் "ஃபோக்1" மாறுபாடு இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. "அத்தை, நம்ம குடும்பத்து ரகசியம் கிடைச்சிடுச்சு" என்று எழுதியிருந்தான். ஃபோக்1 என்பது நோயின் பெயர்கூட இல்லை, ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த, டிஎன்ஏவை வெட்டுகிற கத்தரியின் பெயர். அந்த இடத்தில் அந்தக் கத்தரி வெட்டுகிறதா இல்லையா என்பதுதான் சோதனை. ஒரு வகையில் ஏற்பி 424 கண்ணி நீளம், இன்னொரு வகையில் 427. மூன்றே மூன்று கண்ணி வித்தியாசம், உலகத்தில் கோடிக்கணக்கான நல்ல மூட்டுக்காரர்களிடமும் இருக்கிறது. இதற்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு என்று சில ஆய்வுகள் சொல்ல, சில இல்லை என்கின்றன, சொல்கிறவையும் சின்னத் தொடர்பைத்தான் சொல்கின்றன. அவன் அதற்குக் கொடுத்த பணத்துக்கு அவன் அம்மாவுக்கு ஒரு வருசத்து ஞாயித்துக்கிழமை மாத்திரை வாங்கியிருக்கலாம். அப்படியே பதில் எழுதினேன், இன்னும் என்னோடு கோபமாக இருக்கிறான்.

உண்மையான மரபணுக் கதை வேறு இடத்தில் இருக்கிறது. ஆறாவது குரோமோசோமில் ஹெச்எல்ஏ டிஆர்பி1 என்று ஒரு மரபணு. வாசலில் நின்று, வருகிற புரதத் துண்டைப் பிடித்துக் காவல்படையிடம் "இவன் யார் பார்" என்று காட்டுகிற கை அது. அந்தக் கையின் ஒரு சின்ன இடத்தில், 70இலிருந்து 74வரை ஐந்தே ஐந்து அமினோ அமிலங்கள் ஒரு குறிப்பிட்ட மாதிரி இருந்தால் இந்த நோய்க்கு வாய்ப்புக் கூடுகிறது என்று 1987இல் பீட்டர் கிரெகெர்சனும் கூட்டாளிகளும் சொன்னார்கள். இன்றைக்கும் மரபணுக்களில் இதுதான் பெரிய தலை. 2014இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று மொத்தம் 101 இடங்களைக் காட்டியது, பெரும்பாலானவை ஒவ்வொன்றும் துளித்துளி. ஐரோப்பியர்களிடம் பெரிதாகப் பேசப்படும் பிடிபிஎன்22 என்கிற மரபணுவின் மாறுபாடு ஆசியர்களிடம் அபூர்வம். ஆக, யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு எழுதின அட்டவணையில் என் அக்கா மகளைத் தேடக்கூடாது.

இப்போது சம்பந்தியம்மாவின் கேள்வி. இந்த நோயில் பரம்பரையின் பங்கு சுமார் 60 சதம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆனால் அதற்கு மகளுக்கு 60 சதம் வரும் என்று அர்த்தமே இல்லை. ஒரு கூட்டத்தில் சிலருக்கு வருகிறது சிலருக்கு வரவில்லை என்கிற வித்தியாசத்தில் மரபணுவுக்கு எவ்வளவு பங்கு என்கிற கணக்கு அது. ஒரே கருவில் பிரிந்த, மரபணு அச்சாக ஒன்றாயிருக்கிற இரட்டையரில் ஒருத்திக்கு வந்தால் மற்றவளுக்கு வருவது நூற்றுக்கு 12இலிருந்து 15தான். மகளுக்கு என்றால் ஊரில் மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. ஊரில் நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கிற நோய், மூன்று மடங்கு என்றால் நூற்றில் இரண்டு மூன்று பேர். ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் கொஞ்சம் கூடும். எப்படிப் பார்த்தாலும் இப்படிப்பட்ட மகள்களில் பெரும்பாலானவர்களுக்கு வராது. பரம்பரையா என்றால் ஆமாம், வருமா என்றால் அநேகமாக வராது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை.

மரபணுவோடு சேர்ந்து நோயைத் தூண்டுவதில் வெளிக் காரணங்களில் உறுதியாகத் தெரிந்தது வெயில் இல்லை, புகை. நுரையீரலில் புகை படும்போது அங்குள்ள புரதங்களில் ஆர்ஜினின் என்கிற அமினோ அமிலம் சிட்ருலின் ஆக மாறுகிறது, அந்த மாறிய துண்டைத்தான் மேலே சொன்ன கை பிடித்துக் காட்டிக்கொடுக்கிறது. 2006இல் ஸ்வீடனில் வந்த ஆய்வில், அம்மா அப்பா இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த ஐந்தெழுத்து மரபணு வந்து, புகையும் பிடிக்கிறவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட 21 மடங்கு வாய்ப்பு, அதுவும் அந்த மாறிய புரதத்தைத் தாக்குகிற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் காட்டுகிற கடுமையான வகைக்கு. எனக்கு அம்மாச்சிதான் ஞாபகம் வந்தார். வரப்பில் உட்கார்ந்து, அத்தனை வெயிலில், அத்தனை பெரிய சுருட்டு. அக்கா சுருட்டைத் தொட்டதில்லை, அவளுக்கும் வந்தது. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது, இருந்தாலும் ஞாபகம் வருவதை என்ன செய்ய.

வைட்டமின் டிக்கு நியாயமும் செய்யவேண்டும். 2022 தொடக்கத்தில் வைட்டல் என்கிற பெரிய அமெரிக்கச் சோதனையின் முடிவு வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய 25,871 பேர், பாதிப்பேருக்குத் தினமும் 2,000 அலகு, பாதிப்பேருக்கு வெறும் மாத்திரை, ஐந்து வருசத்துக்கு மேல். தன்னுடலையே தாக்குகிற நோய்கள் எல்லாம் சேர்த்து வெறும் மாத்திரைப் பக்கம் 155 பேருக்கு, வைட்டமின் பக்கம் 123 பேருக்கு. 22 சதம் குறைவு, லேசான விஷயமில்லை. ஆனால் முடக்குவாதத்தை மட்டும் தனியே எடுத்தால் உறுதியாகச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை. மாத்திரையை நிறுத்தி இரண்டு வருசம் பார்த்தபோது அந்தப் பாதுகாப்பும் மங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, அது நோய் வராமல் தடுக்குமா என்று பார்த்த சோதனை. ஏற்கெனவே வீடு எரிகிறவளுக்கு அதில் பதில் இல்லை. அக்காவுக்கு டாக்டர் இன்றைக்கும் வைட்டமின் டி கொடுக்கிறார், அளவாக, எலும்புக்காக. நடுநடுவே ஸ்டீராய்டு போட வேண்டியிருக்கிறது, அது எலும்பைக் கரைக்கும். அந்த வேலைக்கு அது நல்ல மருந்து, அந்த வேலையை மட்டும் அதனிடம் கேட்கவேண்டும்.

ஞாயித்துக்கிழமை மாத்திரை மறுபடி ஆரம்பித்து, மூன்று மாதத்தில் அக்காவின் காலை விறைப்பு இருபது நிமிசத்துக்கு வந்தது. இப்போது நானே போய் எதிரில் உட்கார்ந்து விழுங்கவைக்கிறேன், வாயைத் திறந்து காட்டச் சொல்வேன், திட்டிக்கொண்டே காட்டுவாள். அக்கா மகளை உட்கார வைத்து, காலையில் எழுந்ததும் கை விறைத்து ஒரு மணி நேரம் விடாமல் இருந்தால், கணுக்கள் வீங்கினால், எண்ணெய் தடவிக்கொண்டும் முடக்கத்தான் தோசை சாப்பிட்டுக்கொண்டும் ஒரு வருசத்தை வீணாக்காதே, சில வாரத்திலேயே டாக்டரிடம் போ என்று சொன்னேன். அவள் அம்மா அந்த முதல் வருசத்தை அப்படித்தான் தொலைத்தாள். முடக்கத்தான் தோசை எனக்கும் பிடிக்கும், அது வேறு விசயம்.

மோல்மேனுக்கு ஒரு போன்

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். அக்காவுக்குச் சொல்லாமல்தான். போன் போடுவதற்கு முன் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டேன், அன்றைக்குச் சொன்னது முழு உண்மை இல்லை, இது முடக்குவாதம், எங்கள் அம்மாச்சிக்கும் இருந்தது, கொஞ்சம் பரம்பரைதான், ஆனால் பெண்ணுக்கு வர வாய்ப்புக் குறைவு, நூற்றில் இத்தனை. லைன் இரண்டு தடவை அறுந்தது, இரண்டு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரட்டையர் கணக்கைச் சொல்லும்போது என் குரலே எனக்குப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கேட்டது. அந்தப் பக்கம் "ம்" மட்டும் வந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்று உள்ளங்கை வேர்த்துப்போச்சு.

சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "எங்க மாமியாருக்கும் கை இப்படித்தாங்க இருக்கும், நாங்க வயசு வாதம்னு விட்டுட்டோம்" என்றார். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "அந்தப் புகை விசயம் சொன்னீங்கல்ல, அது மட்டும் நல்லாப் புரிஞ்சுது. பொண்ணு சுருட்டு சிகரெட் ஒண்ணும் தொடாதுல்ல?"

"தொடவே தொடாதுங்க. மாப்பிள்ளை?"

"ஹலோ? ஹலோ? லைன் சரியா கேக்கலைங்களே" என்றார். எனக்கு நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.